மூச்சு வாங்கிப் பாடிய தாத்தா

2023-ல் மும்பை மெஹ்பூப் ஸ்டுடியோவில் பட்டி கை (Buddy Guy) என்கிற அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் பாடகர் கிட்டார் வாசித்தபோது அவருக்கு வயது 86. அதைப் பற்றி நண்பர்கள் இன்னும் வாயைப் பிளந்து பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கு வியாசர்பாடியில் ஒரு தாத்தா கிடைத்துவிட்டார்.

நண்பனின் அப்பாவுக்குப் படத்திறப்பு. தெருவை அடைத்து ஷாமியானா, ராத்திரி கானா. முதலில் இளசுகள் பாடினார்கள், நல்லாத்தான் இருந்தது, ஆனால் மைக்கில் எக்கோவை அள்ளிக் கொட்டியதில் பாதி வரி புரியவில்லை. அப்புறம் தாத்தா வந்தார், எப்படியும் எழுபத்தைந்து இருக்கும். வந்ததுமே எக்கோவை நிறுத்தச் சொல்லிவிட்டு என் நண்பனைக் கூப்பிட்டு, "பெரிய மருமவன் பேரு இன்னாப்பா?" என்று ஆரம்பித்து, கடைசிப் பேத்தி வரைக்கும் கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். சாவு கானாவில் செத்தவர் பேரும் சொந்தக்காரர்கள் பேரும் பாட்டுக்குள் வந்து விழணும், மெட்டும் இடறக் கூடாது.

குரல் போய்விட்டது, உண்மையைச் சொல்லணும். மேலே ஏறவே இல்லை. ஒரு வரி பாடுவார், மூச்சு வாங்கும், அந்த இடைவெளியில் புல்புல் தாராக்காரர் டைப்ரைட்டர் தட்டுவது போலக் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பார், தாத்தா நிதானமாக அதே வரியை மறுபடி எடுத்து, மூன்றாவது வரியில் ஒரு போடு போடுவார். ப்ளூஸில் பாதிப் பாட்டு இப்படித்தானே போகும்? அது மிசிசிப்பியில் பருத்தி பறித்தவர்களிடம் வளர்ந்தது, இது துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் பின்னி மில்லுக்குப் போனவர்களும் இருந்த தெருக்களில். மூச்சு விடாமல் பாடினால்தான் கெத்து என்று நினைக்கிற நம்ம பசங்க இவரைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கலாம்.

2018-ல் பா. ரஞ்சித் முன்னெடுத்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறிய பிறகு கானாவுக்குப் புதுசாக நிறைய பேர் காது கொடுக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் செத்தவர் கடைசிவரை யாருக்கும் ஒரு பீடி கூடக் கொடுத்ததில்லை என்று தாத்தா பாட, அழுதுகொண்டிருந்த பெரிய மகளே சிரித்துவிட்டாரே, அதை மேடையில் எங்கே போய்க் கேட்பது?

என் போனில் பதிவானது முழுக்க டோலக்தான், தாத்தா குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து யாராவது எடுத்திருந்தால் அனுப்புங்கப்பா.