அம்மாவின் ஐந்து பூ

காலையில் பல் தேய்க்கக் குழாயடிக்குப் போனால், அம்மா நித்தியகல்யாணிச் செடிக்கு முன்னால் குனிந்து நிற்பாள். ஐந்து பூ. நான்கும் கிடையாது, ஆறும் கிடையாது. அரை லிட்டர் தண்ணீரில் போட்டுக் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, நாலு வேளையாகப் பிரித்துக் குடிப்பாள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி என்று சர்க்கரைக்காரர்கள் படும் பாட்டுக்கு மூலிகைப் புத்தகங்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். அம்மா எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. பாட்டி சொன்னது, அவ்வளவுதான்.

மாத்திரையையும் அவள் நிறுத்தவில்லை. ஒருநாள் விடிகாலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க வந்து என்னை எழுப்பினாள். கருவியில் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 61-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததும் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டாள். கஷாயம் செய்த வேலையா, முந்தின ராத்திரி அரைவயிறு சாப்பிட்டதாலா? தெரியாது. டாக்டர் கோபப்பட்டதும் அதற்காகத்தான்: "ரெண்டையும் சேர்த்துக் குடிச்சா எது எவ்வளவு குறைச்சதுன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

செடியைப் பற்றிச் சொல்லவேண்டும். மடகாஸ்கர் தீவுக்குச் சொந்தமானது. இன்று வெப்பம் உள்ள ஊரெல்லாம் அதன் ஊர்தான். வருஷம் முழுக்கப் பூப்பதால் நித்தியகல்யாணி. இதையே சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுப் பக்கம் விடாதவர்களும் உண்டு. ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. காய் வெடித்தால் கருப்பாக, எள்ளைவிடச் சின்ன விதைகள். எங்கள் சுவர் விரிசலில் முளைத்திருப்பதை யாரும் நடவில்லை. இலையை ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு ஒரு மணி நேரம் போகவில்லை. கேத்தரந்தின் என்ற ஆல்கலாய்டை, அதாவது செடிகள் உண்டாக்கும் ஒருவகை வீரியமான வேதிப்பொருளை, இந்தச் செடி இலையின் மேல்பரப்பு மெழுகிலேயே வைத்திருக்கிறது என்று பிறகு படித்தேன். கடிக்க வரும் பூச்சியை வாசலிலேயே நிறுத்துகிற ஏற்பாடு.

ஜமைக்காவிலும் சர்க்கரைக்கு இதன் இலைத் தேநீர்தான். கியூபாவில் பூவை ஊறவைத்த நீரில் கண் கழுவியிருக்கிறார்கள், ஹவாயில் ரத்தக்கசிவை நிறுத்தச் செடியை வேகவைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். குளவி கொட்டினால் இலைச்சாறு தடவுவது நம் பக்க வைத்தியம். நானும் தடவியிருக்கிறேன். அரைமணியில் வலி போனது. தடவாவிட்டாலும் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி இந்த இலைகளில் இருபத்தைந்தை ஓர் உறையில் போட்டுக் கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் தள்ளிவிட்டார். தம்பி எலிகளுக்குச் சாற்றை வாய்வழியே கொடுத்தார். சர்க்கரையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஊசி போட்டுப் பார்த்தால், எலிகள் தொற்று கண்டு செத்தன. ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அடங்கிப்போயிருந்தது. சர்க்கரையைத் தேடிப் போனவர் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார். வெள்ளணுக்களை இப்படிச் சாய்க்கிற பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். எலை லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனமும் அதே காலத்தில் இதே செடியைக் குடைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செடிக்கு அப்போதிருந்த பெயர் வின்கா. மருந்துகளின் பெயரில் அந்த 'வின்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வின்கிரிஸ்டினை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது வாரம் ஒரு ஊசி. தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத மருந்து. நர்ஸ் அளவை இரண்டு பேரிடம் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் ரத்தக்குழாயில் ஏற்றினார். முதுகுத் தண்டுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவ்வளவு கவனம். பையனுக்கு முடி கொட்டியது, மலச்சிக்கல், பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தான். இப்போது ஒன்பதாவது படிக்கிறான், என்னைவிட உயரம்.

அதனால்தான் "நித்தியகல்யாணித் தேநீர் புற்றுநோயைக் குணமாக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. டன் கணக்கில் காய்ந்த இலையைப் பிழிந்தால் கிராம் கணக்கில் கிடைக்கிற மருந்து அது, அதுவும் ஊசியாக. அது நம் டம்ளரில் தேவையான அளவுக்கு வந்து சேராது. ஆனால் குடித்தால் ஆகாத மற்ற ஆல்கலாய்டுகள் அதே டம்ளரில் எவ்வளவு இறங்கும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் கிட்டேயே போகக்கூடாது. அதற்காகப் பாட்டி சொன்னதெல்லாம் பொய் என்று சிரிப்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அந்தத் தேநீர்ப் பேச்சு இல்லாமல் அந்த உறை கனடாவுக்குப் போயிருக்காது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "சரி, இனிமே காய்ச்ச மாட்டேன்" என்றாள். ஆனால் பறிக்கிற பழக்கம் விடவில்லை. தினமும் ஐந்து பூவைப் பறித்து, ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைக்கிறாள், அழகுக்காம்.

இன்று காலை எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் மிதந்தது.