கல்லாபுரத்து ஜிலேபியில் தொடங்கி மூணாற்று டிரவுட் வரை: ஒரு வருடத் தூண்டில் கணக்கு

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் உடுமலைக்குப் போய் எட்டடி ஸ்பின்னிங் ராடு ஒன்றும் 3000 சைஸ் ரீல் ஒன்றும் வாங்கி வந்தேன். சின்ன வயதிலிருந்து அதுவரை கையில் இருந்தது மூங்கில் கம்பு, தங்கூசி, சோளத்தட்டைத் தக்கை, அவ்வளவுதான். இந்த ஒரு வருடத்தில் எங்கே போனேன், எங்கே வெறுங்கையோடு வந்தேன், எதனால் கிடைத்தது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மறையூர், கோவில்கடவுப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர். 40 கிலோமீட்டர் மேலே ஏறினால் மூணாறு, 1,500 மீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் சின்னாறு செக்போஸ்ட் தாண்டி இறங்கினால் அமராவதி அணை, வெயில் காயும் சமவெளி. ஆனைமுடியின் கிழக்குச் சரிவில் ஊறுகிற பாம்பாறு எங்கள் ஊர் வழியாக வந்து அந்த அணையில்தான் சேர்கிறது. கேரளாவில் கிழக்கே ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்றே மூன்று, அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. நடுவில் இருக்கும் சின்னாறு சரணாலயத்திலும் மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் தூண்டிலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராடு வாங்கியதும் பாதிப்பேர் என்னிடம் கேட்டது அங்கே போகலாமா என்றுதான்.

முதல் இரண்டு மாதம் முழுக்க அமராவதி அணைப் பக்கத்துக் கல்லாபுரம். அணைக்குள் மீன் பிடிக்கும் உரிமை தனி விவகாரம், அதனால் அணைக்குக் கீழே ஆற்றில்தான் போட்டேன். இங்கே ஒரு எச்சரிக்கை. அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, சதுப்புநில முதலைகள், இயற்கையாகவே முட்டையிட்டுப் பெருகி வாழ்பவை, அவை கீழே ஆற்றுப் பக்கமும் வந்து கரையேறுவதுண்டு. அதனால் தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்பேன், மீனை அலசக்கூடக் குனிய மாட்டேன், வாளியில் கயிறு கட்டித் தண்ணீர் மொண்டுகொள்வேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அங்கே இருப்பதில்லை.

இரைக்கு மைதா மாவைத்தான் எல்லோரும் சொன்னார்கள். மைதா தண்ணீரில் சீக்கிரம் கரைந்து முள் வெறுமையாகிவிடுகிறது. எங்கள் ஊரில் கரும்பாலைக் கொட்டகைக்குப் பஞ்சமில்லை, பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை வழித்து எறிவார்கள். அதை ஒரு டப்பாவில் வாங்கி வந்து, வறுத்த தவிடும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்துப் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக இரண்டு மூன்றைத் தூண்டில் போடும் இடத்தில் எறிந்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். முள்ளில் மண்புழு. அன்றைக்கு மட்டும் பதினான்கு ஜிலேபிக் கெண்டை. பிப்ரவரி 23 என்று நோட்டில் இருக்கிறது. புண்ணாக்கை அதிகம் சேர்த்தால் மீன் வயிறு நிறைந்து புழுவைத் தொடாது, தவிடு மூன்று பங்கு என்றால் புண்ணாக்கு ஒரு பங்கு, அது போதும்.

அதில் ஒரு மீனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகல ஜிலேபி, முள் வாய்க்குள் போகாமல் மேலுதட்டின் வெளிப்பக்கம் மாட்டியிருந்தது. முள்ளைக் கழற்ற வாயை லேசாக அழுத்தினேன், என் ஈரக் கையில் கடுகு கடுகாக ஏதோ கொட்டியது. குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் உடம்புக்கு மீறின அளவில் இரண்டு கருப்புக் கண், வயிற்றில் மஞ்சளாக ஒரு பொட்டு, முட்டையின் மஞ்சள் கரு இன்னும் கரையவில்லை. ஜிலேபியில் தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்து வளர்க்கும் என்று தெரியும், ஆனால் கையில் கொட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த நாட்களில் அது இரை எடுப்பது அபூர்வம், குஞ்சுக்குப் பக்கத்தில் வந்த புழுவை விரட்டப் பாய்ந்திருக்க வேண்டும். கையை வாளித் தண்ணீரில் முக்கிக் குஞ்சுகளை விட்டு, தாயையும் அதிலேயே விட்டு, வாளியோடு ஆற்றின் ஓரச் சேற்றுப் பள்ளத்தில் மெதுவாகச் சாய்த்தேன். ஜிலேபி நம் நாட்டு மீன் இல்லை, 1952இல் கொண்டுவந்து விட்டது, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அன்றைக்கு அதைச் சட்டிக்குக் கொண்டுபோக மனது வரவில்லை.

மார்ச் கடைசியில் சாதா கெண்டைக்கு மாறினேன். இங்கே ஒரு மாதம் வீணாகப் போனது. தக்கை அமுங்கினால் வெட்டி இழுக்க வேண்டும் என்பது ஜிலேபி கற்றுக்கொடுத்த பழக்கம். கெண்டை அப்படிக் கடிப்பதில்லை, தரையில் கிடக்கும் இரையை உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். கடைசி ஈயக்குண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தால், கெண்டை இரையைத் தூக்கும்போது குண்டும் சேர்ந்து தூக்கப்படும், தக்கை அமுங்காமல் மேலே எழும்பிப் படுத்துவிடும். நான் அதைக் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லாபுரத்தில் தினமும் வரும் ஒரு பெரியவர் இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, தக்கை படுத்தா மீன் எந்திரிச்சிருச்சுன்னு அர்த்தம், அப்பவே இழு" என்றார். மறுநாளே ஒன்றேகால் கிலோவில் ஒரு கெண்டை. ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, நன்றாகத் தளர்த்தி வைத்திருந்ததால் 0.25 மில்லிமீட்டர் நரம்பு தாங்கியது.

அவரிடம்தான் இன்னொன்றும் கற்றேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கையை வாளித் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார். "சூடு ஏறிடுச்சு, இனி ஆழத்துக்குப் போயிருக்கும்" என்பார். எனக்குக் கையில் அந்தக் கணக்கு வராது என்று மீன்தொட்டிக்குப் போடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். அறுபது எழுபது ரூபாய்தான். இந்த வருடம் நான் வாங்கியதில் ராடைவிட அதிகம் உதவியது அதுதான். கல்லாபுரத்தில் ஏப்ரல் மதியம் 30 டிகிரி, கோவில்கடவில் அதே வாரம் காலை 21. குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் கரையும், சூடான தண்ணீரில் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்குப் பதினோரு மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடிய இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான். ஜிலேபி அந்த ஏழரையிலும் அதற்கும் கீழேயும் பிழைத்துக்கொள்ளும். வேறு மீன்கள் பாறையில் தண்ணீர் மோதி நுரைக்கும் இடத்தைத் தேடிப் போய்விடும். இது புரிந்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன், அதுவரை உட்கார நிழல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இடம் பிடித்தேன்.

ஜூன், ஜூலை தூண்டில் தொடவில்லை. முதல் மழைக்கு மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஏறும், மலையாளத்தில் ஊத்தா என்பார்கள். வயிறு நிறைய முட்டையோடு வருவதைப் பிடிப்பது கேரளாவில் சட்டப்படி தடை. பாலத்தில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். மறையூர் மழை மறைவுப் பகுதிதான், ஆனால் மேலே மலையில் கொட்டினால் பாம்பாறு இங்கே செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு வரும்.

செப்டம்பரில் தண்ணீர் தெளிந்த பிறகு, சரணாலய எல்லைக்கு வெகு மேலே, ஊரை ஒட்டிய பாறைப் பள்ளத்தில் போட்டேன். கேழ்வரகு மாவை வேகவைத்துப் பிசைந்த உருண்டை. எதிர்பார்த்தது கெண்டை. வந்தது வேறு. கடித்த வேகத்தில் ராடு முனை வளைந்து தண்ணீரைத் தொட்டது, ரீல் கிறீச்சிட்டது, பாறைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு பத்து நிமிடம் அசையவில்லை. கடைசியில் கரைக்கு வந்தபோது ஒன்றரைச் சாண் நீளம், செதில் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகம் அளவு, ஓரம் பொன் நிறம், தடித்த உதடு. மஹ்சீர்.

நம் பாம்பாற்றுக்கும் மஹ்சீருக்கும் உள்ள தொடர்பு நிறையப் பேருக்குத் தெரியாது. காவிரியில் ஐம்பது கிலோவுக்கு மேல் வளர்ந்த, வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பேர்பெற்ற அந்தத் திமில் மஹ்சீருக்கு ரொம்ப நாள் வரைக்கும் சரியான அறிவியல் பெயரே இல்லை. இந்தப் பாம்பாற்றில் கிடைத்த மீனை வைத்து விவரித்த டார் ரெமாதேவி என்ற இனமும் அதுவும் ஒன்றுதான் என்று 2018இல் உறுதி செய்தார்கள். அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலகப் பட்டியலிலும் சேர்ந்தது. இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்ததால் கை நடுங்கியது. மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருந்தேன், அதனால் ஒரு திருகில் வந்துவிட்டது. தலையை நீரோட்டத்தைப் பார்த்து வைத்து, வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினேன். இரண்டு நிமிடம் இருக்கும், செவுள் மூடித் திறப்பது சீரானது. அப்புறம் வாலால் ஒரு அடி, என் முகமெல்லாம் தண்ணீர். நோட்டில் அன்றைக்கு 19 டிகிரி. அந்தப் பள்ளத்துக்கு நான் மறுபடி தூண்டில் கொண்டுபோகவில்லை, போகவும் போவதில்லை.

இப்போது டிரவுட். மூணாற்றில் எஸ்டேட் வேலையில் இருக்கும் என் அக்கா வீட்டு மாமா மூலம், எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஒரு ஏரிக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கினேன். ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி மட்டும்தான் போடலாம், புழு கூடாது. டிரவுட்டும் வெளியூர் மீன்தான், இங்கே இருக்கும் ரெயின்போ டிரவுட் பசிபிக் கரையோர ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்டது. 1860களில் மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவரப் பார்த்துப் பலிக்கவில்லை, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஹெச்.சி. வில்சன் என்பவர் கையில் ரெயின்போ டிரவுட் நிலைத்தது. மூணாற்றுக்கும் தோட்டத் துரைகள் கொண்டுவந்தார்கள், ராஜமலையில் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. வெந்நீர் அதற்கு ஆகாது. 20 டிகிரி தாண்டினால் திணறும், 25 என்றால் பிழைப்பதே கஷ்டம். ஆக மறையூரில் கிடைக்காததற்கும் மூணாற்றில் வாழ்வதற்கும் காரணம் நடுவில் இருக்கும் அந்த 500 மீட்டர் உயரம்தான்.

ஃப்ளை ராடு எனக்குப் புதிது. நம் ராடில் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளுக்குக் கனமே கிடையாது, கோழி இறகும் கருப்பு நூலும் சுற்றியதுதான், கனமெல்லாம் தடித்த நூலில். நூலை வீசினால் முள் கூடவே போகும். இரவல் ராடை வைத்து ஊர் வாலிபால் கிரவுண்டில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி மூன்று வாரம் பழகினேன். பின்னால் வீசிய நூல் முழுசாக நீளும் வரை காத்திருந்து அப்புறம் முன்னால் வீச வேண்டும், அந்த ஒரு நொடிப் பொறுமை வர இரண்டு வாரம் பிடித்தது. மணிக்கட்டை மடக்காமல் முழங்கையால் வீச வேண்டும். மணிக்கட்டில் துண்டைக் கட்டி ராடோடு சேர்த்து முடிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வந்தது.

நவம்பரில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள், இரண்டிலும் ஒன்றும் இல்லை. காற்று, கொத்துக் கொத்தாக நூலில் முடிச்சு. டிசம்பரில் ஒரு மீன் ஃப்ளைக்குப் பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து யோசித்ததில் தப்பு புரிந்தது, நான் கீழே பார்த்த பூச்சிகளைவிட என் ஃப்ளை இரண்டு மடங்கு பெரிது. இன்னும் சின்ன முள்ளில், இறகைப் பாதியாகக் குறைத்துக் கட்டினேன்.

ஜனவரி 18, காலை ஆறே முக்கால், புல்லில் உறைபனி, தண்ணீர் 13 டிகிரி. "ஓடை வந்து விழுற வாயிலயே போடுங்க மாப்ள, அங்கதான் பூச்சி மிதந்து வரும்" என்று மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையிலிருந்து சொன்னார். ஏழாவது வீச்சு. நூல் சும்மா நேராகி இறுகியது, அவ்வளவுதான் தெரிந்தது, தூக்கினதும் மீன் தண்ணீரை விட்டு இரண்டு தடவை துள்ளியது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன், வறண்ட கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து மீனுக்கு நோய் வரும். செதில் இருக்கிறதா என்றே தெரியாத அளவு பொடிச் செதில், வால் நுனிவரைக்கும் கருப்புப் புள்ளி, பக்கவாட்டில் பன்னீர் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை, முதுகில் வாலுக்கு முன்னால் சதையாக ஒரு குட்டித் துடுப்பு. உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. ராடில் போட்டிருந்த கோட்டில் அளந்தால் ஒன்பது அங்குலம். பத்துக்குக் கீழே எடுக்கக் கூடாது என்பது அந்த ஏரியின் விதி, விட்டுவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, பிளாஸ்க்கைத் திறந்து கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த சீட்டு பிப்ரவரி கடைசி வாரத்துக்குக் கேட்டிருக்கிறேன். அதற்குள் கருப்பு நூலுக்குப் பதில் பழுப்பு நூலில் நாலு ஃப்ளை கட்டி வைக்க வேண்டும், ஓடை வாயில் அன்றைக்கு மிதந்து வந்தவை பழுப்புப் பூச்சிகள்தான்.