மோன்ட்ரூ ஏரிக்கரையில் ஃப்ரெடி மெர்குரி

செப்டம்பர் 4, 2019

ஜெனீவாவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மோன்ட்ரூ. பையை அறையில் போட்ட கையோடு சந்தைத் திடலுக்கு நடந்தேன். குயின் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி சிலையாக நிற்கிறார். மூன்று மீட்டர் உயர வெண்கலம். வலது முஷ்டி வானத்தை நோக்கி, இடது கையில் அவருடைய அந்தப் பாதி மைக் ஸ்டாண்ட். இரெனா செட்லெட்ஸ்கா என்ற செக் நாட்டுப் பெண் சிற்பி வடித்தது. ஊருக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டேடியம் கொள்ளாத கூட்டத்தைப் பார்த்துப் பாடியவருக்கு முன்னால் இவ்வளவு தண்ணீரும் மலையும் இருப்பதுதான் சரி.

செப்டம்பர் 5

பிறந்தநாள். இருந்திருந்தால் இன்று 73. பீடத்தைச் சுற்றி ரோஜாக்கள், மெழுகுவத்திகள், கையால் எழுதிய அட்டைகள். ஏரிக் காற்றில் ஒரு மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது. ஒரு பையன் தன் தொப்பியால் அதை மறைத்துக்கொண்டு வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

ஃப்ரெடிக்குக் கல்லறை கிடையாது. 1991 நவம்பர் 24 அன்று லண்டனில் இறந்தார், தகனமும் அங்கேதான். அஸ்தி எங்கே என்பதைத் தோழி மேரி ஆஸ்டின் யாருக்கும் சொல்லவில்லை. அதனால் அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் இங்கே வருகிறார்கள். 1996 நவம்பர் 25 அன்று இந்தச் சிலையைத் திறந்துவைத்தவர், ஃப்ரெடியோடு சேர்ந்து பாடிய ஓபரா பாடகி மொன்செராத் கபாயே. பெற்றோர் போமி, ஜெர் புல்சாராவும் வந்திருந்தார்கள். சான்சிபாரில் பிறந்து, பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் பியானோ பழகிய தங்கள் ஃபரோக்கை (ஃப்ரெடியின் இயற்பெயர் அதுதான்) அவர்கள் அன்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

செப்டம்பர் 6

கஸினோவுக்குள் இருக்கும் பழைய மவுன்டன் ஸ்டுடியோ. 1978இல் இங்கே பதிவுக்கு வந்த குயின் குழு, பிறகு ஸ்டுடியோவையே வாங்கிவிட்டது. இப்போது அது கண்காட்சி. 'மதர் லவ்' பாட்டுக்காக 1991 மே மாதம் ஃப்ரெடி கடைசியாகக் குரல் கொடுத்தது இங்கேதான். கடைசிப் பத்தியை ஓய்வெடுத்துவிட்டு வந்து பாடுவதாகச் சொல்லிப் போனவர், திரும்பவில்லை. அப்புறம் அதை பிரையன் மே பாடினார். எய்ட்ஸால் உடம்பு தளர்ந்துபோயிருந்தும் குரல் எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது!

சிலையோடு படம் எடுத்துக்கொண்டு பலர் அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். அது போதாது என்பேன். அவர் அந்தக் கரையில் நிற்பதற்கு இந்தச் சின்ன அறைதான் காரணம். நுழைவுக் கட்டணம் இல்லை. உண்டியலில் போடும் காசு, அவர் நினைவாகத் தொடங்கி எய்ட்ஸுக்கு எதிராக வேலை செய்யும் அறக்கட்டளைக்குப் போகிறது. நாளை கிளம்புமுன் இன்னொரு தடவை போக வேண்டும்.