ஸ்ட்ராடஜி தெரியுமா, தெரியாதா?

"உனக்கு ஸ்ட்ராடஜி பேட்டர்ன் தெரியுமா, தெரியாதா?"

தம்பியிடம் நான் கேட்டது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசு வியாபாரி ஒருவருக்கான பில்லிங் சாஃப்ட்வேர். கூலியே ஐந்து விதம். கிலோவுக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு, காசே வாங்காமல் 70 டச் (நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி) சரக்கை 75 டச்சாக வைத்து வெள்ளியிலேயே கழித்துக்கொள்வது, இப்படி. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் இஃப்-எல்ஸ் போட்டு முந்நூறு வரிக்கு இழுத்திருந்தான். ஒவ்வொரு கூலியையும் தனி கிளாஸாக, அதாவது கோடில் தனித் துண்டாகப் பிரி என்றேன். ஸ்ட்ராடஜி பேட்டர்ன் என்பது இதுதான்.

"பிரிச்சிடலாம்ணா. ஆனா எது மாறும்னு இன்னும் தெரியலையே. ரெண்டு மாசம் ஓடட்டும், அவங்க எதை மாத்தச் சொல்றாங்கன்னு பாத்துட்டுப் பிரிப்போமே?"

அதற்குத்தான் அந்தக் கேள்வி. "தெரியும்ணா" என்று போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் சொன்னதில் தப்பில்லை. மாறுவதைத் தனியே எடுத்து வை என்பதுதானே, 1994இல் நால்வர் ஒரு புத்தகத்தில் தொகுத்த 23 சாஃப்ட்வேர் டிசைன் பேட்டர்ன்களில் பலவற்றுக்கும் அடிப்படை? ஆறாவது கூலி முறை வந்தபோது ஒரு கிளாஸ் சேர்த்தோம், அரை நாளில் முடிந்தது. பழையதில் யாரும் கை வைக்கவில்லை. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

ஏனென்றால் அடுத்து வந்த மாற்றம் கூலியில் இல்லை. சுத்த வெள்ளிக் கணக்கில் பத்து மில்லிகிராமுக்குக் கீழே வருவதை விட்டுவிடச் சொன்னார்கள். தம்பி அதற்குள் கோயம்புத்தூர் போய்விட்டான். ரவுண்டிங் ஆறு கிளாஸிலும் தனித்தனியாகக் கிடந்தது. நானே மாற்றினேன், ஐந்தில். ஜோடிக் கூலி விட்டுப்போனது. 850.460 கிராம், 70 டச், 595.320 வர வேண்டிய இடத்தில் 595.322 என்று பில் அடித்தது. வியாபாரி நோட்டோடு வந்தார்.

"ரெண்டு மில்லிக்காக வரலைங்க. மத்த பில்லுல விடுது, இதுல விடலை. அப்ப நான் எதை நம்பறது?"

பேட்டர்ன் மேல் பழி போட முடியாது. கணக்கைக் கூப்பிடும் இடத்தில் ஒரே தடவை ரவுண்ட் செய்வதை ஸ்ட்ராடஜி தடுக்கவில்லை. "ஒவ்வொரு கிளாஸும் தனியா நிக்கணும்" என்று ரிவ்யூவில் எழுதியவன் நான். அவன் அப்படியே செய்தான்.

இந்தப் பேட்டர்ன் என்ற எண்ணமே கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரிடமிருந்து வந்தது. திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கான தீர்வு என்பது அவர் கணக்கு. எங்களுக்கு அந்தச் சிக்கல் அன்றைக்கு ஒரு தடவைகூட வந்திருக்கவில்லை. ஆறாவது கூலி பிறகு வந்ததே என்று உடனே மனசு வாதாடுகிறது. வந்தபோது அவனே பிரித்திருப்பான் என்றும் சொல்கிறது.

கோடின் பழைய வடிவங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் கிட்டில் (Git) அவனுடைய பழைய ஃபங்ஷனைத் தேடித் திறந்தேன். ஐந்து கிளையும் முடிந்த பிறகு, கடைசியில், ரவுண்டிங் ஒரே ஒரு வரி. மேலே கமென்ட்: "இது எல்லா கூலிக்கும் பொது."

அந்த வரியைக் கமென்ட்டோடு எடுத்து, கூப்பிடும் இடத்தில் ஒட்டினேன். கமிட்டில் என் பெயர்தான் விழுந்திருக்கிறது.