தராசு மூடும் நேரம்

பவானிசாகர் அணையில் மீன் எடுக்கும் ஒரு வியாபாரியிடம் நாலு வருஷம் கணக்கு எழுதினேன். விடிந்ததும் பரிசல்கள் கரைக்கு வரும். கட்லா, ரோகு, ஜிலேபி என்று பிரித்து, எடை போட்டு, நோட்டில் ஏற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கி வண்டியை அனுப்ப வேண்டும். பத்து மணிக்குத் தராசு மூடிவிடும். அதற்கு மேல் வரும் மீனுக்குப் பாதி விலைதான். சட்டம் முதலாளியுடையது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான்.

அணைத் தண்ணீர் சாது என்று ஊருக்குள் நினைப்பார்கள். கடற்கரையில் காற்று வருகிறது என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் தராது, விசைப்படகு கிளம்பாது. எங்களுக்குக் கூண்டும் இல்லை, டோக்கனும் இல்லை. கரையோரப் புளியமரம் ஆடுவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று கிளம்பினால் ஆவணி வரை ஓயாது. அதே மாதங்களில்தான் நீலகிரியில் மழை கொட்டும். மேலே இருக்கும் பில்லூர் அணை நிரம்பி உபரித் தண்ணீர் செந்நிறமாக, மரக்கட்டைகளோடு எங்கள் அணைக்கு வரும். ஆனால் எங்கள் தலைக்கு மேலே ஒரு சொட்டு விழாது. மேகம் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கும், வெயிலும் அடிக்கும். மழை இல்லாததால் பயமும் வராது. புதிதாக வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

விடியற்காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஒன்பது மணி வாக்கில் காற்று எழும்பும். மேற்கே மாயாறும் பவானியும் வந்து சேரும் பக்கத்தில் வலை விட்டவர்கள் கிழக்கே அணைப் பக்கம் திரும்ப வேண்டும். காற்று முதுகில் இருப்பதால் துடுப்புக்கு வேலை குறைவு, சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் காற்று எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறதோ அவ்வளவு அலை பெருக்கும். கிளம்பிய இடத்தில் முழங்கை உயரம் இருந்தது, கரைக்குப் பக்கத்தில் இடுப்புக்கு வந்துவிடும். அணையின் கல் பாவிய சரிவில் மோதித் திரும்புகிற அலை வேறு எதிரே வரும். கடலலை போல ஏற்றி இறக்கி விடாது, அடுத்தடுத்து அறையும். பரிசலுக்கோ முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. படகென்றால் மூக்கைத் திருப்பி அலையை வாங்கலாம். வட்டக் கூடையை எங்கே திருப்புவது? சுற்றும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எழுந்து நிற்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அடியில் சப்பென்று உட்கார வேண்டும். தெரிந்தவர்களும் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

என் மூன்றாம் ஆடியில் ஒரு காலை. ஒன்பதே முக்கால். வெகு தூரத்தில் ஒரு பரிசல், புருஷனும் பெண்சாதியும். வழக்கமாக முதலில் வருகிறவர்கள். அன்றைக்கு வலை தண்ணீருக்குள் நிற்கும் மொட்டை மரத்தில் சிக்கித் தாமதமாகிவிட்டது. நான் கரையில் நின்று கையை வீசினேன். இப்போது யோசித்தால், ‘சீக்கிரம் வாங்க’ என்றா வீசினேன், ‘ஒதுங்குங்க’ என்றா என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அவர்கள் முதலாவதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கரைக்கு அம்பது அடி இருக்கும்போது ஒரு அலை உள்ளே இறங்கியது. ஈர வலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை இழுக்க அவர் எழுந்தார். அடுத்த அலைக்குப் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. வலையில் மிதவைக்குக் கட்டியிருந்த காலி கேனை அந்த அக்கா கட்டிக்கொண்டார். அண்ணன் வலைக்குள் கால் மாட்டித் தண்ணீர் குடித்துவிட்டார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் லாரி டியூபோடு குதித்து இருவரையும் இழுத்து வந்தார்கள். கல்லில் உரசி அவருக்கு முழங்கால் கிழிந்திருந்தது. நாற்பது கிலோ மீன் போனது போனதுதான்.

டீ வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குக் கை நடுங்கி டம்ளர் நிற்கவில்லை. “அந்தக் கரையிலயே ஒதுங்கி, சாயங்காலம் காத்து அடங்கினதுக்கு அப்புறம் வந்திருக்கலாமுங்களே அக்கா” என்றேன். பெரிய அறிவாளி மாதிரி.

“வந்திருக்கலாமுங் தம்பி. அதுவரைக்கும் நீங்க தராசத் தொறந்து வெச்சிருப்பீங்களா?”

நோட்டை மூடி வைத்தேன். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் கணக்கு பைசல் ஆகவில்லை.

முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். ஆடி, ஆவணி இரண்டு மாதம் மட்டும் சாயங்காலம் ஒருமுறை எடை போடலாம், ஒரு பெட்டி ஐஸ் கூட ஆகும், அவ்வளவுதான் என்றேன். “ஐஸுக்கு யார் காசு?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து காற்று அடிக்கிற நாட்களில் தராசில் ஏதாவது கோளாறு வர ஆரம்பித்தது. பேட்டரி இறங்கிவிடும், இல்லையென்றால் எண் பூஜ்யத்துக்கு வராது. பதினொன்று, பதினொன்றரை வரை இழுப்பேன். ரொம்ப தூரம் போனவர்களுக்கு அது போதாது என்பது எனக்கும் தெரியும். வண்டி டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஏனுங், அந்தத் தராச மாத்தித் தொலைங்களே!” என்று கத்துவார்.

“சொல்லியிருக்கேனுங்” என்று சொல்லிக்கொண்டே தண்ணீரில் இன்னும் எத்தனை புள்ளி தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.