31லிருந்து 58க்கு: இளைஞர் நீதிக் கேள்வியை நான் இரண்டாம் முறை எழுதிய கதை

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. சமூகப்பணிப் படிப்பின் சமூகக் கொள்கைத் தாளில் 75க்கு 58. போன வருஷம் இதே தாளில் 31. பாஸுக்கு 38 வேண்டும் என்பதால் ஏழு மார்க்கில் போனது. மற்ற எல்லாத் தாளும் முடித்திருந்தும் பட்டம் கையில் இல்லை. ஒப்பந்த வேலை ஒன்று வந்து, சான்றிதழ் கேட்டதும் போய்விட்டது. அந்த ஒரு வருஷத்தின் கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அடுத்த மாதம் எழுதப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சூட்டோடு எழுதுகிறேன்.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நான் விழுந்ததும் எழுந்ததும் ஒரே கேள்வியில்: இளைஞர் நீதிச் சட்டம் 2015ஐச் சமூகப்பணி நோக்கில் பகுத்தாய்க, 15 மதிப்பெண். வார்த்தை கொஞ்சம் மாறலாம், ஆனால் இரண்டு முறையும் இதுவே வந்தது. 18 வயது நிறையாத பிள்ளைமேல் குற்றச்சாட்டு வந்தால் அவரை எப்படி நடத்தவேண்டும் என்று சொல்வது இந்தச் சட்டம்தான்.

முதல் முறை ஆறு பக்கம் எழுதினேன். 1850 தொழில் பழகுநர் சட்டம், 1897 சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், இந்தியாவில் முதலாவதாக வந்த 1920 சென்னைக் குழந்தைகள் சட்டம், 1960, 1986, 2000, 2015. ஒரு வருஷம்கூடத் தப்பில்லை. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது அதற்கு 5 போட்டிருந்தார்கள். திருத்தியவர்மேல் இரண்டு மாதம் கோபமாக இருந்தேன். கோபம் தணிந்து மறுபடி படித்தபோது எனக்கே தெரிந்தது: ஆறு பக்கத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஒரு சமூகப்பணியாளரும் இல்லை. வரலாற்று மாணவர் எழுதவேண்டிய விடையை நான் எழுதியிருந்தேன்.

இத்தனைக்கும் அதே வருஷம் நன்னடத்தை அலுவலர் ஒருவரிடம் எனக்கு ஃபீல்டு வொர்க். ஒருநாள் சமூக விசாரணை அறிக்கைக்காக (பிள்ளையின் வீடு, பள்ளி, சூழலை நேரில் விசாரித்து எழுதுவது) அந்த மேடத்தோடு ஒரு வீட்டுக்குப் போனேன். (சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்கிறது. அதனால் அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீங்களும் விடையில் அப்படியே செய்யுங்கள், அதைச் சொல்லியும் எழுதுங்கள்.) பையனுக்குப் பதினைந்து வயது, பைக் திருட்டு. வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்ததுமே மஞ்சப்பையிலிருந்து பையனின் டிசியை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்திருந்தார், ஓரம் மட்டும் பிரிந்திருந்தது.

மேடம் கேட்டார்: "ஆச்சி, பையன் எப்போ பள்ளிக்கூடம் போறத நிறுத்துனான்?"

"அவங்கம்மா திருப்பூருக்கு வண்டி ஏறுனால்லா, அந்த வாரத்தோட சரி."

"பள்ளிக்கூடத்துல இருந்து யாராவது வந்து கேட்டாங்களா?"

"யாரும் வரலம்மா. நீங்கதான் மொதல்ல வாரீங்க."

ஒன்பதாம் வகுப்பில் நின்ற பையன். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. அரசு சார்பில் முதன்முதலாக ஓர் ஆள் அந்தத் திண்ணைக்கு வர, ஒரு பைக் திருடுபோக வேண்டியிருந்தது. இதை ஃபீல்டு வொர்க் டைரியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். தேர்வில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது வேறு பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். சட்டத்தை முதல் பிரிவிலிருந்து சொல்லாமல், ஒரு பையனைப் போலீஸ் பிடித்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை பின்தொடர்ந்தேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்றே கேள்வி: யார் முடிவெடுக்கிறார்? எந்தத் தாளைப் பார்த்து எடுக்கிறார்? அந்தத் தாளை எழுதியவர் யார்?

மனப்பாடம் எனக்கு வராது. ஒரு ஆளின் கதையாக இருந்தால் பிரிவு எண் தானாக நிற்கிறது. உங்களுக்கு மனப்பாடம் நன்றாக வரும் என்றாலும் இந்த வரிசையை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள்:

- பிடித்ததும்: லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள், இந்த வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவேண்டும் (பிரிவு 10).
- 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ உள்ளது) பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கை தரவேண்டும். அதை எழுதுவது போலீஸ்.
- வயது: முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை (பிரிவு 94).
- ஜாமீன்: கொடுப்பதே விதி. தெரிந்த குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு, குழந்தைக்கு ஆபத்து, நீதியின் நோக்கம் கெடுவது என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும் மறுக்கலாம் (பிரிவு 12).
- சமூக விசாரணை அறிக்கை: முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் (பிரிவு 8). எழுதுவது நன்னடத்தை அலுவலர். அவர் இல்லாத இடத்தில் குழந்தைகள் நல அலுவலர் அல்லது சமூகப்பணியாளர்.
- விசாரணை: நான்கு மாதம், இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் நடவடிக்கை அத்தோடு முடிந்துவிடும் (பிரிவு 14).
- கடைசி உத்தரவு: அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்புவதிலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம் சிறப்பு இல்லம் (உத்தரவுக்குப் பிறகு தங்கவைக்கும் இடம்) வரை (பிரிவு 18).

சமூகப் பின்னணி அறிக்கையும் சமூக விசாரணை அறிக்கையும் ஒன்றல்ல. என் வகுப்பில் பாதிப்பேர் குழப்பியது இங்கேதான். இந்த வித்தியாசத்தை ஒரு பத்தியில் தெளிவாக எழுதினாலே நீங்கள் களத்தைப் பார்த்தவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

என் விடையின் முதுகெலும்பு அந்த 15 நாள் அறிக்கை. குற்றம் நடந்த சூழல் என்ன என்பதை அறியத்தான் அதைக் கேட்பதாகச் சட்டமே சொல்கிறது. ஆனால் நான் பார்த்த கோப்புகளில் அந்த இடத்தில் "தீய நண்பர்கள் சேர்க்கை" என்று ஒரு வரி. அடுத்த கோப்பிலும் அதே வரி. திருப்பூருக்குப் போன அம்மா, வராத பள்ளிக்கூடம், ஆச்சியின் உதவித்தொகையில் ஓடும் வீடு எதற்கும் அதில் இடமில்லை. அந்த ஒரு வரியைத்தான் பிறகு ஜாமீன் மறுக்கும்போது எடுத்துப் படிக்கிறார்கள்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு. அதாவது, நம் தொழில்காரர் சோம்பலாக எழுதிய ஒரு சொற்றொடர் ஒரு பையனை, விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறது. நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள 16 கோட்பாடுகளில் ஒன்று. அந்தக் கோட்பாடு எந்த இடத்தில் உடைகிறது என்று கையை வைத்துக் காட்டுவதுதான் பகுப்பாய்வு என்று நான் இப்போது நம்புகிறேன்.

அடுத்து, குழுமத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதினேன். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப்பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். பெரும்பான்மைக் கருத்தே முடிவு. அப்படியென்றால் சமூகப்பணியாளர்கள் இருவரும் ஒன்றாக நின்றால் மாஜிஸ்திரேட்டின் கருத்து நிற்காது. எவ்வளவு பெரிய அதிகாரம்! ஆனால் தகுதி சொல்லும் 4ஆம் பிரிவைப் படியுங்கள். குழந்தைகளுக்கான சுகாதாரம், கல்வி, நலப்பணிகளில் ஏழு வருஷ ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர். பட்டங்களின் வரிசையில் சமூகப்பணி இல்லை. "சமூகப்பணியாளர்" என்று பெயர் வைத்த இருக்கைக்குச் சமூகப்பணிப் பட்டம் எழுதப்படவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஒரு பாயின்ட்டை யாரும் விடாதீர்கள்.

16 முதல் 18 வயது விவாதத்தை எல்லோரும் எழுதுவார்கள். அதனால் சுருக்கமாக எழுதுங்கள். 1986 சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16, பெண் பிள்ளைகளுக்கு 18. 1992ல் இந்தியா ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2000ல் இருபாலருக்கும் 18. 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு வயதைக் குறைக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அப்போது அமைத்த வர்மா குழு அதை ஏற்கவில்லை. ஆனாலும் 2015 சட்டத்தில் 15ஆம் பிரிவு வந்தது. 16 முடிந்தவர்மேல் கொடுங்குற்றச் சாட்டு என்றால், அவருடைய மன, உடல் திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல், நடந்த சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட்டு, பெரியவர்போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.

இதில் சமூகப்பணியின் கேள்வி ஒன்றுதான். பல மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளில் ஒரு பிள்ளையின் மனம் எப்படி இருந்தது என்று இன்று யாரால் அளக்க முடியும்? 2022ல் உச்ச நீதிமன்றம் பரூண் சந்திர தாக்கூர் வழக்கில், குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் குழுமத்தில் இல்லையென்றால் நிபுணர் உதவி பெறுவது கட்டாயம் என்றது. இதைச் சேர்த்தால் போதும், வேறு தீர்ப்புகளை அடுக்கவேண்டாம்.

நேரம் பற்றி, எனக்கு உதவியவை:

- இந்தக் கேள்விக்கு 35 நிமிஷம், நாலரைப் பக்கம். அதற்குமேல் போகவில்லை.
- வரலாறு ஆறு வரி. கடிகாரம் பார்த்து நிறுத்தினேன்.
- வகுப்பில் சொன்ன நான்கு கேள்விகள் (யாருக்கு, என்ன, யார் வழியாக, எந்தப் பணத்தில்) ஓரத்தில் தலைப்பாக. பணம் என்ற தலைப்பில் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா, செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40.
- "குற்றவாளி", "கைதி", "தண்டனை" என்ற சொற்களைக் குழந்தைக்கு எழுதாதீர்கள். குற்றம் சுமத்தும் சொற்களைத் தவிர்ப்பதே 3ஆம் பிரிவின் கோட்பாடுகளில் ஒன்று. முதல் விடைத்தாளில் "சிறார் குற்றவாளி" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு.
- பரிந்துரை இரண்டு போதும். நான் எழுதியவை: அறிக்கையில் ஒரு வரிக் காரணத்தை ஏற்காமல் குழுமம் திருப்பி அனுப்பவேண்டும், 4ஆம் பிரிவின் பட்டியலில் சமூகப்பணியைச் சேர்க்கவேண்டும்.

அந்தப் பையனின் அறிக்கையில் மேடம் "தீய நண்பர்கள்" என்று எழுதவில்லை. அம்மா போன மாதத்தையும் பள்ளி நின்ற மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். டிசியும் கோப்பில் சேர்ந்தது. முதல் மாதமே ஜாமீன் கிடைத்தது. பிறகு அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது நான்தான்.

கடைசியாக ஒன்று. என் பழைய நோட்டின் ஜெராக்ஸ் ஜூனியர்களிடம் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். அதில் முதற்கட்ட மதிப்பீட்டுக்கு நான்கு மாதம் என்று இருக்கும். மூன்று மாதம் என்பதே சரி. அப்புறம், சிறு குற்றம் என்பது அதிகபட்சத் தண்டனை மூன்று வருஷம்வரை உள்ளது; நோட்டில் "மூன்றுக்குக் கீழே" என்று இருக்கும். இரண்டையும் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.