மேட்டூர்ல எத்தனை அடி?

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஜூன் பிறந்தால் போனில் நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அணையை ஒருமுறைகூடப் பார்க்காமல், பேப்பரில் வரும் அந்த எண்ணை மட்டும் நம்பி நாற்று விட்ட தாத்தாக்கள் எத்தனையோ பேர். அவர்கள் பேரன் இன்று பொறியியல் முடித்துவிட்டு நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி மேட்டூருக்குக் கூட்டிப்போகிறவர்கள் கிளம்புமுன் பார்க்க வேண்டியதும் அந்த எண்ணைத்தான். அன்று அங்கே என்ன தெரியும், என்ன தெரியாது என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பம். அணை நிரம்பினால் பேப்பரில் வரும் 120 அடி என்பது அணையின் உயரம் அல்ல. அணையின் உயரம் 214 அடி. நிரம்பிய நீரின் மட்டம் கடலுக்கு மேல் 790 அடி. 670 அடியைச் சுழி என்று வைத்து எண்ணுவதால் 120 வருகிறது. அப்போது இருப்பு 93.47 டிஎம்சி; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. பாதி மட்டம் என்றால் பாதித் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. 60 அடியில் இருப்பது சுமார் 25 டிஎம்சிதான். ஏரி மேலே போகப் போக அகலும், நிரம்பும்போது 59.25 சதுர மைல் விரிந்து கிடக்கும். அதனால் 100 அடிக்கு மேல் உள்ள கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்குக் குறையாமல் நிற்கிறது. "நேற்று நாலடி ஏறிச்சே, இன்னிக்கு ஏன் ஒண்ணுதான்?" என்று பெரியவர்கள் கேட்பதற்கும் பாதி பதில் இதுதான்.

காலை 8 மணி நிலவரத்தில் நீர்வரத்து, வெளியேற்றம் என்று இரண்டு எண்கள் வரும். கழித்துப் பாருங்கள். விநாடிக்கு 10,000 கனஅடி மிச்சமானால் ஒரு நாளில் 0.864 டிஎம்சி சேரும். 100 அடியை ஒட்டிய மட்டத்தில் ஓர் அடி ஏற ஏறக்குறைய 1.3 டிஎம்சி வேண்டும். ஆக, முக்கால் அடிக்கும் குறைவாகத்தான் ஏறும். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும், வாட்ஸ்ஆப்பில் "இன்னும் ரெண்டே நாளில் அணை நிரம்பும்" என்று வருவதை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

உபரிநீரை வெளியேற்றும் பதினாறு கண் மதகில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம், ஏமாந்து திரும்புகிறவர்களும் அவர்களே. அந்த மதகின் அடித்தளமே 100 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால் எதுவும் விழாது. மேலே இருந்தாலும் ஆற்றுக்கு விடும் தண்ணீர் முதலில் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியாகத்தான் போகும். அவை கொள்ளும் இருபதாயிரம் சொச்சம் கனஅடிக்கு மேல் வந்தால்தான் பதினாறு கண்ணுக்கு வேலை. அணை நிரம்பி, வரத்து அரை லட்சத்தைத் தாண்டிய நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். ஆனால் அதே நாளில் ஆற்றில் குளிக்கத் தடை இருக்கும். ஆடிப்பெருக்கும் உபரிநீரும் ஒன்றாக வந்தால் அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டுப் பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரிப்பதோடு சரி. போலீஸ்காரரிடம் வாதாடிப் பயனில்லை.

மட்டம் இறங்கிய வருஷத்தில் வேறொரு கூட்டம் வரும். ஏரிக்குள் போன நாயம்பாடி முதலான ஊர்களிலிருந்து மேடேறிய குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். 80 அடிக்குக் கீழே வந்தால் பழைய தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும். 70-ஐ ஒட்டி இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. பரிசல்துறையிலிருந்து பார்க்கலாம். தண்ணீர் நன்றாக வற்றிவிட்டால் நடந்தே போகலாம் என்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: மேலே வெடித்துக் காய்ந்த வண்டலுக்கு அடியில் முழங்கால் சேறு இருக்கும். கம்பும் எள்ளும் விதைத்திருக்கிற நிலத்தை ஒட்டி, ஆட்கள் நடந்த தடத்திலேயே போங்கள். வயதானவர்களைக் கரையிலேயே உட்கார வைத்துவிடுவது உத்தமம்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இந்த ஊரே ஒரு பாடப்புத்தகம். டியூட்டி (விநாடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் பாசனக் காலம் முழுக்க ஓடினால் பாயும் ஹெக்டேர்), டெல்டா (பயிருக்கு மொத்தமாக வேண்டிய தண்ணீரின் ஆழம்), பேஸ் பீரியட் (தண்ணீர் பாய்ச்சும் நாட்கள்) மூன்றையும் சூத்திரமாக உருப்போடுவதைவிட, மதகருகே நின்று ஒரு முறை கணக்குப் போடச் சொல்லுங்கள். விநாடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு நாள் ஓடினால் 86,400 கனமீட்டர். அதை ஒரு ஹெக்டேரில், அதாவது 10,000 சதுர மீட்டரில், நிறுத்தினால் 8.64 மீட்டர் ஆழம் நிற்கும். டெல்டா சமம் 8.64 பெருக்கல் நாள், வகுத்தல் டியூட்டி என்பதில் உள்ள 8.64 அங்கிருந்து வந்ததுதான். 120 நாள் நெல்லுக்கு டியூட்டி 864 ஹெக்டேர் என்றால் டெல்டா 1.2 மீட்டர். கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேர்ந்து 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன; ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள். இதே 1.2 மீட்டரை வைத்துக்கொண்டு எத்தனை டிஎம்சி தேவை என்று அந்த ஏக்கருக்குப் போடச் சொல்லுங்கள். 7.7-ஐ ஒட்டி விடை வர வேண்டும். பெரும்பாலும் வராது, காரணம் ஏக்கரை ஹெக்டேராக மாற்றாமல் விட்டிருப்பான், இல்லையென்றால் கனஅடியையும் கனமீட்டரையும் கலந்திருப்பான். ஒரு கனமீட்டருக்கு 35.31 கனஅடி.